முதல் எபிசோடுக்கே நட்சத்திரமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓடிடி சூப்பர்ஹீரோ தொடர்களுக்கு வாராவாரம் விமர்சனம் எழுதுபவர்கள், முழுப் படத்துக்குக் கொடுப்பது போல முதல் எபிசோடுக்கே நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார்கள். 2015இல் 'டேர்டெவில்' போல 13 எபிசோடும் ஒரே நாளில் வந்தால் அது சரி.

2021இல் வந்த 'வாண்டாவிஷன்' அப்படியல்ல. மொத்தம் 9 எபிசோடு. தொடக்கத்தில் கறுப்பு வெள்ளை, பழைய டிவி போல 4:3 திரை, நகைச்சுவைக்கு நடுவே சிரிப்பொலி. இரண்டாவதின் முடிவில்தான் நிறம் வருகிறது. நான்காவதில்தான் கதை, அதுவரை நடந்த ஊருக்கு வெளியே போய் நிற்கிறது. முதல் வாரமே 'இழுவை' என்று எழுதியவர், அந்தச் சிரிப்பொலியே கதையின் மர்மத்துக்குத் துப்பு என்பதைக் கோட்டை விட்டவர். ஏழாவதிலிருந்து பெயர்ப் பட்டியலுக்கு நடுவிலும் காட்சி உண்டு. அதற்குள் டிவியை அணைத்துவிட்டு எழுதினால் எப்படி?

அடுத்தது, கதையை உடைப்பது. 'லோகி' முதல் சீசன் நம் நேரப்படி புதன் பகல் 12.30க்கு வெளியானது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடையடைத்து வீடு சேர்பவர் இரவில்தான் பார்ப்பார், பலர் ஞாயிறன்றுதான். வியாழன் காலை விமர்சனத்தின் தலைப்பிலும் கூடவே போடும் புகைப்படத்திலும் கதையின் திருப்பத்தைப் போட்டால் அவருக்கு என்ன மிச்சம்? திருப்பத்தைக் கடைசிப் பத்திக்குத் தள்ளி, மேலே ஒரு வரி எச்சரிக்கை போடுங்கள். எபிசோடு எண், ஓடும் நேரம், தமிழ் டப்பிங் உண்டா என்பதும் தலைப்பின் கீழேயே இருக்கட்டும்.

வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்