ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன்

காவேரிப்பட்டணம்
பிப்ரவரி 2026

அன்புள்ள மாப்ள,

உன் பையனுக்கு ஹாஸ்டல் பள்ளி பார்க்கச் சொல்லி நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை ரெண்டு தடவை கேட்டேன். நானும் பேசியே அனுப்பலாம்னு ஆரம்பித்தேன், நடுவில் தோட்டத்து மோட்டார் சத்தம், நாய் சத்தம். சரி, உட்கார்ந்து எழுதிடலாம்னு எழுதறேன். விடுதியில் இருந்தப்போ லீவுக்கு லீவு எழுதுவோமே, அதுக்கப்புறம் உனக்கு நான் எழுதற முதல் கடிதம் இதுதான்னு நினைக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். மா இந்த வருஷம் பூ நல்லாவே எடுத்திருக்கு. தத்துப்பூச்சிக்கு ஒரு மருந்து அடித்தாச்சு. போன வருஷம் பெங்களூரா மாங்காய்க்கு விலையே இல்லாமல் போனதை நினைத்தால் பூவைப் பார்த்துச் சந்தோஷப்படவும் பயமா இருக்கு. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான்.

உன் பையன் விஷயத்துக்கு வரேன். மஸ்கட்டில் எட்டாவது முடிக்கிறான், நம்ம ஊர்ப்பக்கம் நல்ல ஹாஸ்டல் ஸ்கூலா பார்த்துச் சேர்த்துவிடுன்னு கேட்டிருந்தாய். நீ சொன்ன ரெண்டு பள்ளிக்கும் போன வாரம் போய் வந்தேன். அதைச் சொல்றதுக்கு முன்னால் என் பெரியவன் கதை ஒண்ணு இருக்கு. உனக்குக்கூட இதை நான் சொன்னதில்லை.

அவனை 2017இல் பிளஸ் ஒன்னுக்குக் கொண்டுபோய் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் விட்டேன். பேர் வேண்டாம். அந்த ஊர்ச் சாலை முழுக்க மார்க் பேனர்தான். மாநில ரேங்க் அறிவிக்கிறதை அரசு அந்த வருஷம்தான் நிறுத்தியது, ஆனால் பேனர் எங்கே நின்றது? நானும் பேனரைப் பார்த்துத்தான் போனேன். காலையில் அஞ்சு மணிக்கு எழுப்பி, ராத்திரி பத்தரை வரைக்கும் படிக்க வைப்போம்னு சொன்னார்கள். எனக்கு அது பெருமையா இருந்தது. மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.

பொங்கலுக்கு வந்தான். எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்தப்போ அவன் அரைஞாண் கயிற்றில் ஒரு சாவி. என் வீட்டுக்காரி கூப்பிட்டுக் காட்டினாள். நான் சிரித்தேன் மாப்ள. தர்மபுரி விடுதியில் நாமளும் அப்படித்தானே ட்ரங்க் பெட்டிச் சாவியை இடுப்பில் முடிந்திருந்தோம், "அப்பன் புத்தி அப்படியே இருக்கு பாரு"ன்னு வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். அவனும் கூடவே சிரித்தான்.

பிளஸ் டூ முடித்து நாலு வருஷம் கழித்து ஒருநாள் சொல்றான். அவன் ரூமில் பதினாலு பேர். ரெண்டு பேர் தினமும் மற்றவர்கள் பெட்டியைத் திறக்கச் சொல்வார்களாம். சாவி கொடுக்காதவனை விளக்கு அணைத்த பிறகு கவனித்துக்கொள்வார்கள். வார்டன்னு ஒருவர் உண்டு, ஆனால் அவர் தூங்கறது அடுத்த கட்டடத்தில். நாம சாவி கட்டினது முறுக்கைக் காப்பாற்ற. அவன் கட்டினது வேறு. 600க்கு நல்ல மார்க்தான் வாங்கினான், இப்போ ஓசூரில் வேலையிலும் இருக்கான், குறையில்லை. ஆனாலும் "அப்பவே ஏன்டா சொல்லல"ன்னு கேட்டதுக்கு, "ரெண்டு வருஷத்துப் பணம் கட்டிட்டீங்களேப்பா"ன்னான். அப்பவே சொல்லியிருந்தாலும் நான் கூட்டிட்டு வந்திருப்பேனான்னு தெரியலை.

அதனால் இந்தத் தடவை ரெண்டு பள்ளிக்கும் ரெண்டு தடவை போனேன். பகலில் அட்மிஷன் நேரத்தில் ஒண்ணு, ராத்திரி எட்டு மணி வாக்கில் ஒண்ணு. சொல்லாமல்தான் போனேன்.

முதல் பள்ளி, நீ வெப்சைட்டில் பார்த்தாயே, நீச்சல் குளம், குதிரை எல்லாம் உள்ளது. வரவேற்பறையில் ஏசி, சோபா, பேசுகிற பெண்ணுக்கு நல்ல இங்கிலீஷ். ஹாஸ்டலைப் பார்க்கலாமான்னு கேட்டதும் லேப்டாப்பில் வீடியோ போட்டுக் காட்டினாள். நேரில் பார்க்கணும்னேன். பணம் கட்டின பெற்றோருக்கு மட்டும்தான் அனுமதியாம். கட்டறதுக்கு முன்னாடிதானேம்மா பார்க்கணும்? ராத்திரி போனப்போ வாசல் கேட்டோடு சரி. எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். பள்ளியைப் பற்றித் தெரியணும்னா பிரின்சிபாலைவிட டீக்கடைக்காரர்தான் சரியான ஆள். "வருஷத்துக்கு மூணு வார்டன் மாறுவாங்க சார், சம்பளம் பத்தாது"ன்னு சொன்னார். அதுக்கு மேல் கேட்க எனக்கு ஒண்ணும் இல்லை.

ரெண்டாவது பள்ளி பழசு. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். ராத்திரி போன என்னைப் பார்த்து வார்டனுக்குக் கோபம்தான் வந்தது, என் ஆதார் கார்டை வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார், என்னைத் தனியா ஒரு அடி நகர விடவில்லை. எனக்கு அந்தக் கோபம் பிடித்திருந்தது. பையன்கள் ஸ்டடி ஹாலில் இருந்தார்கள், பாதிப் பேர் படிக்கவில்லை, கிசுகிசுன்னு பேச்சு. சாப்பாட்டுக் கூடத்தில் மீந்ததைக் கொட்டுகிற பக்கெட்டை எட்டிப் பார்த்தேன், கால் பங்குகூட இல்லை. சோறு தின்னும்படி இருக்குன்னு அர்த்தம். வாரத்தில் ஒருநாள் களியும் கீரைக் குழம்பும் உண்டாம், உன் பையன் முகம் போகிற போக்கை நினைத்துச் சிரித்தேன். காய்ச்சல்காரர்களுக்கு ஒரு அறை. அங்கே ஒரு பொடியன் ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "வீட்டுக்குச் சொன்னீங்களா?"ன்னு கேட்டேன். வார்டன் பேசாமல் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். காலை 7.10க்கு அம்மாவிடம் பேசியது, மாத்திரை கொடுத்த நேரம், சாயங்காலக் காய்ச்சல் எவ்வளவு, எல்லாம் எழுதியிருக்கு. அவர் கட்டில் பையன்கள் தூங்குகிற ஹாலுக்கு வாசலிலேயே கிடக்கு.

குறையும் சொல்லணும். பிசிக்ஸ் வாத்தியார் நிலையா இல்லை, லேப் சுமார். பதினெட்டுப் பேருக்கு ரெண்டு கக்கூஸ்தான். கோடையில் குளிக்கத் தண்ணி லாரியில் வரும். குடிக்க போர் தண்ணியா ஒகேனக்கல் தண்ணியான்னு மறக்காமல் கேட்டேன், போர் தண்ணி ஃப்ளோரைடால் நம்ம பல்லில் வந்த மஞ்சள் கறையே போதும்! ஒகேனக்கல் தண்ணிதானாம்.

காகித விஷயம். குழந்தைகள் தங்குகிற விடுதிகளுக்கு நம்ம மாநிலத்தில் 2014இலேயே தனிச் சட்டம் வந்தாச்சு, கலெக்டரிடம் உரிமம் வாங்கணும். அதைக் காட்டச் சொன்னேன், ரெண்டாவது பள்ளியில் ஆபீஸ் சுவரிலேயே மாட்டியிருக்கு. படிப்புக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009 சட்டப்படி குழு உண்டு. ஹாஸ்டல் பணத்தைத் தனியா ரசீது போட்டு வாங்கு, நடுவில் பையனைக் கூட்டிட்டுப் போனால் எவ்வளவு திரும்பும்னு எழுத்தில் கேள். நான் கேட்காமல் விட்டது அதுதான். குழந்தைகள் உதவிக்கான 1098 நம்பர் பையன்கள் கண்ணில் படும்படி எழுதியிருக்கான்னும் பார்த்தேன், மாடிப்படிச் சுவரில் இருக்கு.

உன் மச்சினர் ஏதோ சொன்னாராமே, அரசுப் பள்ளியில் இப்போ சேர்த்தால் டாக்டர் சீட்டுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும்னு. கிடைக்காது. 2020இல் வந்த அந்தச் சட்டம் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஒன்பதாவதுக்கு எடுப்பார்கள், 13 வயசிலிருந்து 15க்குள் இருக்கணும், ஆனால் அதுக்கு நுழைவுத் தேர்வு முன்னாடியே எழுதியிருக்கணும். ஏற்காடு, ஊட்டிப் பள்ளிகளை நீயே வேண்டாம்னு சொல்லிட்டாய், நல்லது.

சேர்க்கறதா இருந்தால் ஒன்பதாவதில் சேர், இல்லை பத்தாவது முடித்துக் கூட்டிட்டு வா. சிபிஎஸ்இயில் ஒன்பதாவதிலேயே பதிவு ஆகிடும், நடுவில் பத்தாவதில் மாற்றறது பெரிய தலைவலி. ஸ்டேட் போர்டுன்னா பத்தாவதில் தமிழ்த் தாள் எழுதணும், அவன் தமிழ் எந்த மட்டில் இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். இன்னொண்ணு, பிளஸ் ஒன் பொதுத் தேர்வு. பிளஸ் ஒன் பாடத்தையே தொடாமல் ரெண்டு வருஷமும் பிளஸ் டூவையே உருட்டுகிற பள்ளிகளுக்காகத்தான் 2017-18இல் அதைக் கொண்டுவந்தார்கள், என் பெரியவன்தான் முதல் பேட்ச். இப்போ 2025-26லிருந்து எடுத்தாச்சு. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, சரி. ஆனால் பழைய வேலையை மறுபடி ஆரம்பிப்பார்கள். நீட்டிலும் ஜேஇஇயிலும் ரெண்டு வருஷப் பாடத்திலிருந்தும் கேட்கிறான். ஸ்டேட் போர்டு பள்ளின்னா பிளஸ் ஒன் பையன் ஒருத்தனைக் கூப்பிட்டு அவன் பையில் இருக்கிறது பிளஸ் ஒன் புத்தகமா, பிளஸ் டூ புத்தகமான்னு பார், போதும்.

இதெல்லாம் சொல்லிட்டேன். உன் மெசேஜில் கடைசியா, "போன்லயே கெடக்கறான் மாப்ள, ஹாஸ்டல்ல போட்டாத்தான் திருந்துவான்"ன்னு ஒரு வார்த்தை சொன்னாய். அதுதான் எனக்கு உறுத்தலா இருக்கு. நம்மை விடுதியில் போட்டது ஊரில் எட்டாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லாததால். அது தண்டனைன்னு நமக்குத் தோணவே இல்லை, வாரம் ஒரு முட்டை கிடைக்கிற இடம்னு சந்தோஷமாத்தான் போனோம். உன் பையனுக்கு அப்படியா? அவனைக் கேட்டாயான்னு உன் மெசேஜில் எங்கேயும் இல்லை. கேள். வரமாட்டேன்னான்னா, அவன் அம்மாவும் அவனும் ரெண்டு வருஷம் கிருஷ்ணகிரியில் வீடு எடுத்து இருக்கட்டும், வாடகை வீடு நான் பார்க்கிறேன். செலவு ஹாஸ்டலை விட ரொம்ப அதிகம் ஆகாது.

வரேன்னான்னா ரெண்டாவது பள்ளி. என் வீட்டிலிருந்து ஒரே பஸ், முக்கால் மணி நேரம். சனிக்கிழமை லோக்கல் கார்டியன் கூட்டிட்டுப் போகலாம்னு வார்டன் சொல்லியிருக்கார். ஆனால் அட்வான்ஸ் நான் கட்டலை, கட்டவும் மாட்டேன். அவன் வந்து அந்தக் கக்கூஸையும் களியையும் பார்க்கட்டும். அங்கே படிக்கிற பையன்களோடு ஒரு சாயங்காலம் பந்து விளையாடட்டும், நாம ரெண்டு பேரும் தள்ளி நிற்போம்.

மார்ச் கடைசியில் பரீட்சை முடிகிறதுன்னாய். டிக்கெட் போட்டதும் சொல். பெங்களூரு ஏர்போர்ட்டுக்கு நானே வண்டி எடுத்துட்டு வரேன், நடு ராத்திரி ஆனாலும் பரவாயில்லை. வீட்டுக்காரி பேரீச்சம்பழம் கேட்கிறாள், கொட்டை எடுத்தது வேண்டாமாம்.

உன் பழைய
பக்கத்துக் கட்டில்காரன்