காங்கிரீட் பம்ப் ஏற்பாட்டைக் கார்த்திகையிலேயே பேசி முடிக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், மழைக்காக நின்றுபோயிருந்த வீட்டு வேலைகள் வடசென்னையில் ஒரே நேரத்தில் சூடுபிடிப்பது ஆண்டுதோறும் நடப்பதுதான். மார்கழியில் புது வேலை தொடங்கத் தயங்குபவர்கள் தை பிறந்ததும் பூமி பூஜை போடுகிறார்கள். மழைக்கு முன்பே பில்லர் வரை எழுப்பி வைத்திருப்பவர்கள் தை, மாசி முகூர்த்தங்களுக்குள் தளம் போட்டுவிட வேண்டுமென்று துடிக்கிறார்கள். கொடுங்கையூர், வியாசர்பாடி, மாதவரம் பகுதிகளில் சிறு வீடுகளைக் கட்டித் தரும் பொறியாளன் என்ற முறையில், இந்தப் பருவத்தில், கலவையைக் குழாய் வழியே தளத்துக்குத் தள்ளும் காங்கிரீட் பம்ப் வேலை எவ்வளவு அவசரத்திலும் குழப்பத்திலும் நடக்கிறது என்பதையும், அதைக் கார்த்திகையிலேயே ஏன் பேசி முடிக்க வேண்டும் என்பதையும் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

அரை கிரவுண்டு மனையில் எழும் வீட்டுக்கு ஒரு மிக்சர் மெஷினும் லிப்டும் காங்கிரீட் போடும் ஆட்களும் வந்தால் பொழுது சாய்வதற்குள் தளம் முடிந்துவிடும் என்றிருந்த காலம் போய்விட்டது. அந்த ஆட்கள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. ஜல்லியையும் எம்-சாண்டையும் கொட்டி வைக்கத் தெருவில் இடமும் இல்லை. ஆகவே சிறு வீடுகளும், நிலையத்தில் கலந்து லாரியில் வரும் ஆயத்தக் கலவைக்கும் பம்ப்புக்கும் மாறிவிட்டன. மாற்றம் நல்லதுதான். ஆனால், முந்தின நாள் மாலையில் ஒரு போன் போட்டால் மறுநாள் காலையில் எல்லாம் வந்து நிற்கும் என்ற பழைய பழக்கம் மட்டும் மாறவில்லை. வளர்பிறை முகூர்த்த நாள் ஒன்றில் வண்ணாரப்பேட்டையிலிருந்து புழல் வரை எல்லோரும் அதே சில பம்ப்புகளைத்தான் கேட்கிறார்கள். அவை அடுக்குமாடிப் பணிகளுக்கு முன்கூட்டியே போய்விடுவதால், வேறோர் இடத்தில் காலை வேலையை முடித்துவிட்டு வரும் பம்ப்புக்காகச் சிறு வீட்டுக்காரர் நண்பகல் வெயிலில் காத்திருக்க நேர்கிறது. பூஜையை நல்ல நேரத்தில் முடித்துக்கொண்டு பம்ப்பை அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னால் பெரும்பாலான வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முன்கூட்டிப் பேசுவது என்றால் தேதியைப் பதிவு செய்வது மட்டுமல்ல. பம்ப் அனுப்புபவரின் ஆள் ஒருவர் தெருவை வந்து பார்க்க வேண்டும். மடக்கி நீட்டும் கை பொருத்திய வண்டியான பூம் பம்ப் என்றால் அதன் நான்கு கால்களையும் விரித்து ஊன்ற இடம் வேண்டும்; அந்தக் கால் ஒன்று மழைநீர் வடிகாலின் மூடிப் பலகை மீதோ, பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிச் சரிவர மூடாத மண்ணின் மீதோ அமர்ந்தால் வண்டியே சாயக்கூடும். வடசென்னையின் களிமண் மழைக்குப் பிறகு பல வாரங்களுக்கு இளகியே இருப்பதால், காலுக்கு அடியில் கனமான மரக்கட்டைகளைப் பரப்புவது கட்டாயம். மாதவரம், மணலி பக்கத்து விரிவாக்கப் பகுதிகளில் தலைக்கு மேல் போகும் மின்கம்பிகளை யார் பார்ப்பது என்ற கேள்வி இன்னும் முக்கியமானது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்பே விண்ணப்பித்து, அந்தச் சில மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வதை விட்டுவிட்டு, பூமின் கையைக் கம்பிக்குப் பக்கத்தில் சாமர்த்தியமாக வளைத்து ஓட்டுவதைத் திறமை என்று பாராட்டும் வழக்கம் உயிரோடு விளையாடுவதாகும். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் சந்துகளில் பூம் பம்ப் நுழையவே முடியாது. அங்கே தெருமுனையில், கை இல்லாத லைன் பம்ப்பை நிறுத்தித் தரையோடு குழாய் இழுக்க வேண்டும். எத்தனை குழாய், எத்தனை வளைவு, யார் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு போகும் என்பதெல்லாம் காங்கிரீட் நாள் காலையில் பேசித் தீரும் காரியங்கள் அல்ல.

அடுத்தது கலவை லாரி வரும் நேரம். ஆயிரம் சதுர அடி, ஐந்து அங்குலத் தளத்துக்கு மட்டும் சுமார் 12 கன மீட்டர் காங்கிரீட் தேவை. பீம்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். 6 கன மீட்டர் ஏற்றும் லாரிகள் மூன்று வந்தால்தான் வேலை முடியும். ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கலவையை இறக்கிவிட வேண்டும் என்பது ஆயத்தக் கலவைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4926 சொல்லும் பொது விதி. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் சாலைகளில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையையும், மூலக்கடை, பெரம்பூரில் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணியால் குறுகிப்போன சாலைகளையும் அறிந்த எவருக்கும் இந்த 2 மணி நேரம் எவ்வளவு சீக்கிரம் கரையும் என்று விளக்க வேண்டியதில்லை. நான் மேற்பார்வை பார்த்த ஒரு வீட்டில், தளத்தின் மூன்றில் ஒரு பகுதி மீதமிருக்கும்போது கடைசி லாரி கன்டெய்னர் வரிசைக்குள் சிக்கிக்கொண்டது. பம்ப் ஓட்டுநர் குழாயில் நின்ற கலவை இறுகிவிடாமலிருக்க அவ்வப்போது முன்னும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். மேஸ்திரி ஈரச் சாக்குகளைக் குழாயின் மீது போட்டு மறுபடி மறுபடி நனைத்தார். போட்ட காங்கிரீட்டின் ஓரம் அதற்குள் இறுகத் தொடங்கிவிட்டது. லாரி வந்து சேர்ந்ததும் அதன் ஓட்டுநர் செய்த முதல் காரியம், கெட்டியாகிப்போன கலவையில் தண்ணீரைத் திறந்துவிட முயன்றதுதான். அதைத் தடுத்து லாரியைத் திருப்பி அனுப்பினோம். தளத்தை ஓரிடத்தில் முறையாக நிறுத்தி மறுநாள் தொடர வேண்டியதாயிற்று. அந்த வீட்டுக்காரருக்கு இரண்டாவது முறையாகப் பம்ப் வாடகை விழுந்தது. தண்ணீர் சேர்க்க விட்டிருந்தால் பணம் மிச்சமாகியிருக்கும், தளத்தின் வலு போயிருக்கும்.

இதில் அரசுத் துறைகளின் பங்கும் இருக்கிறது. நெரிசல் நேரங்களில் கனரக வாகனங்களுக்கு நகருக்குள் கட்டுப்பாடு உண்டு; அது தேவையானதே. ஆனால் அதனால் இரவுக்குத் தள்ளப்படும் பம்ப் வேலை, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொருந்தும் ஒலிக் கட்டுப்பாட்டோடு மோதுகிறது. நெரிசல் நேரத்தில் லாரி வரக் கூடாது, இரவில் பம்ப் ஓடக் கூடாது என்றால் நடுவில் மிஞ்சுவது மதியமும் முன்னிரவும்தான். பங்குனி, சித்திரை வெயிலில் மதியக் காங்கிரீட் எப்படி இருக்கும் என்பது தெரிந்ததே. அக்கம்பக்கத்தார் உறக்கமும் கெடாமல், கலவையும் கெடாமல் இருக்க அதிகாலை நேரம் ஒன்றை ஒதுக்கித் தருவது பற்றிப் போக்குவரத்துக் காவல் துறையும் மாநகராட்சியும் ஒன்றாக அமர்ந்து பேச வேண்டும்.

என்னை அதிகமாக வருத்துவது பம்ப் வேலை முடிந்த பிறகு நடப்பது. லைன் பம்ப்பின் குழாய் பெரும்பாலும் 125 மில்லிமீட்டர் விட்டமுடையது. நூறு மீட்டர் இழுத்திருந்தால் கடைசி லாரி காலியான பிறகும் அந்தக் குழாய்க்குள் மட்டும் சுமார் ஒன்றேகால் கன மீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்று டன் கலவை நிற்கும். இதைக் கணக்கில் வைத்துக் கலவை வாங்குவோர் மிகச் சிலர். தளம் நிறைந்த பிறகு குழாயைக் கழற்றி, ஸ்பான்ஞ் பந்து விட்டுத் தள்ளி, பம்ப்பில் கலவை கொட்டும் தொட்டியான ஹாப்பரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது, அத்தனையும் பக்கத்து மழைநீர் வடிகாலுக்குள் போகிறது. வேலை தொடங்கும்போது குழாயை வழவழப்பாக்க விடும் சிமெண்ட் பாலும் அங்கேயேதான் போகிறது. சேற்றை மண்வெட்டியால் வாரிவிடலாம்; உள்ளே இறுகிய காங்கிரீட்டை உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். மாசியில் அடைத்த வடிகால் ஐப்பசியில்தான் தெரியவருகிறது. ஓட்டேரி நல்லா என்ற ஓடைக்கும் கேப்டன் காட்டன் கால்வாய்க்கும் போக வேண்டிய தண்ணீர் தெருவிலேயே தேங்கி நிற்கும்போது நாம் மாநகராட்சியைத் திட்டுகிறோம். ஒவ்வொரு மழைக்கும் முழங்கால் தண்ணீரில் நடக்கும் வியாசர்பாடி மக்களுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் என்ன இருக்கிறது?

வழி இல்லாமல் இல்லை. மிஞ்சும் கலவை எங்கே போகும் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டால், கழிவுநீர்த் தொட்டிக்கு மூடிப் பலகையோ காம்பவுண்டு சுவருக்கு அடித்தளமோ போட அச்சுகளைத் தயாராக வைத்திருக்கலாம். கழுவும் தண்ணீருக்கு மனைக்குள்ளேயே தார்ப்பாய் விரித்த குழி ஒன்று போதும். அதில் இறுகியதை உடைத்து, கொடுங்கையூரில் இருக்கும் கட்டடக் கழிவு பதப்படுத்தும் மையத்துக்கு அனுப்பலாம். பம்ப் அனுப்புபவர்கள் தங்கள் விலைப்பட்டியலிலேயே கழுவும் இடத்தை யார் தருவது என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலைத்தளத்துச் சண்டை பாதி குறையும்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய ஆறு மண்டல அலுவலகங்களும் கார்த்திகை மாதத்துக்குள் தத்தம் பகுதிப் பொறியாளர்கள், கலவை நிலையத்தார், பம்ப் உரிமையாளர்கள், போக்குவரத்துக் காவலர்கள் ஆகியோரை ஒரு நாள் அழைத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தத் தெருவில் பூம் பம்ப் நிற்கலாம், எந்த நேரத்தில் லாரி நுழையலாம், எங்கே கழுவலாம் என்பவற்றை ஒற்றைப் பக்க அனுமதிச் சீட்டாக வார்டு அளவிலேயே தரலாம். வடிகாலில் கலவையைக் கொட்டுபவரிடம் அபராதம் வாங்குவதோடு நிற்காமல், அந்த இடத்தைச் சுத்தம் செய்யும் செலவையும் அவரிடமே வசூலிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
கொடுங்கையூர், சென்னை.