பள்ளிக் கட்டடத்தின் பின்புறம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பள்ளிகளில் நெகிழி ஒழிப்பு உறுதிமொழி, தாமிரபரணித் தூய்மைப் பேரணி, ஓவியப் போட்டி ஆகியவை நடப்பதாக அடிக்கடி செய்திகள் வருகின்றன. சுற்றுச்சூழல் கல்வி குறித்து உச்ச நீதிமன்றம் 1991ஆம் ஆண்டு அளித்த தீர்ப்புக்குப் பின் பாடநூல்களிலும் இதற்குக் குறைவில்லை. மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காத குப்பைக்கு நீலத் தொட்டி என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடத் தடுமாறாமல் சொல்லிவிடும். ஆயினும், பள்ளி தன் குப்பையை நாள்தோறும் என்ன செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகளின் மனப்பான்மை உருவாகிறது என்பது, ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற என் கருத்து.

பல பள்ளிகளில் கழிப்பறைக்குப் பின்னால் ஒரு குழி இருக்கும். வகுப்பறைகளில் தனித்தனியாகச் சேர்ந்தவை அங்கே ஒன்றாகக் கொட்டப்பட்டு, பள்ளி விட்டபின் கொளுத்தப்படும். மறுநாள் சாம்பலில் பாதி உருகிய பேனா ரீஃபிலும், மிட்டாய்த் தாளும், அறிவியல் கண்காட்சிக்குச் செய்த தெர்மாகோல் மாதிரியின் கருகிய மூலையும் கிடக்கும். தெருவிலும் பொது இடங்களிலும் குப்பையை எரிப்பதையும் புதைப்பதையும் 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தடுத்தன. இந்தப் புகையைப் பார்த்து வளரும் மாணவனுக்கு, ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு தீப்பற்றி எரியும்போது அதில் தவறாக எதுவும் தோன்றப்போவதில்லை.

சத்துணவுக் கூடத்தில் மிஞ்சும் காய்கறித் தோலையும் முட்டை ஓட்டையும் உரமாக்கிப் பள்ளித் தோட்டத்துக்கு இடலாம். இதற்குத் தனி நிதிகூட வேண்டியதில்லை. மற்றவற்றை மாணவர்களே முறைவைத்துப் பிரித்து, மாநகராட்சி வண்டியில் வரும் தூய்மைப் பணியாளரிடம் நேரில் ஒப்படைக்கட்டும். கலந்து கொட்டியதைக் கையால் கிளறிப் பிரிப்பவர் யார் என்பது அப்போது அவர்களுக்கு முகத்தோடு தெரியும். (குப்பை பெருக்குவதைத் தண்டனையாகக் கொடுக்கும் வழக்கத்தை முதலில் கைவிட வேண்டும்.) நாப்கின்களைத் தனியே பொதிந்து ஒப்படைக்க வேண்டும் என்பதையும் கூச்சமின்றிக் கற்பிக்க வேண்டும், பாடம் பெரும்பாலும் நழுவிச் செல்லும் இடம் அது.

ஆய்வுக்கு வரும் கல்வித்துறை அலுவலர்கள், சுற்றுச்சூழல் மன்றப் பதிவேட்டையும் புகைப்படங்களையும் பார்ப்பதோடு நில்லாமல், கட்டடத்தின் பின்புறம்வரை சென்று பார்த்து, அதையும் தம் அறிக்கையில் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
பாளையங்கோட்டை.