துவாவின் பெயரையும் சேருங்கள்: யுனெஸ்கோவுக்கு ஒரு திறந்த மடல்

யுனெஸ்கோவின் அருவப் பண்பாட்டு மரபுக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் பாட்டுக் கேட்கிற ஆள், அவ்வளவுதான். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ராத்திரி, யாத்-கா என்கிற குழுவின் பாட்டை ஹெட்போனில் போட்டேன். முதலில் கிட்டார் வந்தது, பின்னாலேயே டிரம்ஸ் வந்தது. சரி, ராக் பாட்டு என்று சாய்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் குரல் வந்தது. பேஸ் கிட்டாருக்கும் அடியிலிருந்து, கிணற்றுக்குள் பாறையை உருட்டியதுபோல ஒரு குரல். ஹெட்போனில் ஏதோ கோளாறு என்று கழற்றிப் பார்த்தேன். கோளாறு ஒன்றுமில்லை. ஒரு மனிதர்தான் பாடிக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் ஆல்பர்ட் குவேசின். தெற்கு சைபீரியாவில், மங்கோலிய எல்லையை ஒட்டி இருக்கும் துவாவைச் சேர்ந்தவர். அன்றிலிருந்து அந்த நாட்டுப் பாடகர்களைத் தேடித் தேடிக் கேட்கிறேன். தேடிக்கொண்டே போனதில் ஒருநாள் உங்கள் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் வந்து நின்றேன். அங்கே பார்த்ததுதான் இந்த மடலை எழுத வைத்தது.

கூமெய் என்னும் தொண்டைப்பாட்டு உங்கள் பட்டியலில் இரண்டு இடத்தில் இருக்கிறது. 2009இல் சீனா முன்மொழிந்தது ஒன்று, 2010இல் மங்கோலியா முன்மொழிந்தது ஒன்று. இரண்டின் தலைப்பிலும் ‘மங்கோலிய’ என்ற சொல் உண்டு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அல்தாய், சாயன் மலைகளின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மந்தை மேய்த்து வாழ்ந்தவர்கள் எல்லாருக்கும் அது பாட்டன் சொத்து. பங்காளிகளில் ஒருவர் பெயர் பத்திரத்தில் விட்டுப்போயிருக்கிறதே என்பதுதான் என் கவலை.

ஏன் விட்டுப்போனது என்பதும் தெரிந்ததுதான். துவா இன்று ரஷ்யக் கூட்டமைப்பில் ஒரு குடியரசு. அருவப் பண்பாட்டு மரபைக் காக்கும் உங்கள் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ரஷ்யா சேரவில்லை. உடன்படிக்கையில் சேர்ந்த அரசுதான் பட்டியலுக்கு ஒரு கலையை முன்மொழியலாம். ஆக, சுமார் 3.3 லட்சம் பேர் வாழும் ஒரு சின்ன தேசத்தின் பாட்டு, பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாஸ்கோவின் ஒரு கையெழுத்துக்காக வாசலில் நிற்கிறது. 1921 முதல் 1944 வரை துவா தனி நாடாக இருந்தது. அதன் பிறகே சோவியத் ஒன்றியத்தில் சேர்க்கப்பட்டது. இதையும் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூமெய் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் கொஞ்ச காலம் பாட்டு வகுப்புக்குப் போனேன். டீச்சர் தம்புராவுக்குச் சுருதி சேர்த்துவிட்டு, மந்தரத் தந்தியை மட்டும் மீட்டி, குடத்துக்குப் பக்கத்தில் காதை வைக்கச் சொல்வார். “காந்தாரம் கேட்குதா?” என்பார். நாலு தந்தியில் இருப்பது பஞ்சமமும் ஷட்ஜமும்தான். காந்தாரத்துக்குத் தந்தியே கிடையாது. முதலில் ஒன்றும் கேட்காது. பிரிட்ஜின் மேல் இருக்கும் ஜீவா நூலை அவர் இம்மியளவு நகர்த்துவார். மறுபடி மீட்டுவார். திடீரென்று ஷட்ஜத்தின் தலைக்கு மேலே, மெல்லிசாக, அந்தர காந்தாரம் தானாக எழும். ஒரு தடவை கேட்டுவிட்டால் பிறகு கேட்காமல் இருக்க முடியாது.

யாரும் மீட்டாமல் பிறக்கிற அந்தச் சுரத்தைத் துவாக்காரர் தன் வாய்க்குள் பிறக்க வைக்கிறார். தொண்டையில் ஒரே சுருதி அசையாமல் நிற்கும். நாக்கையும் உதட்டையும் நூலளவு நகர்த்தி, அந்தச் சுருதிக்குள் அடங்கியிருக்கும் மேற்சுரங்களில் ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டுவார். பிறகு அடுத்தது. அப்படியே ஒரு மெட்டு போகும். வரிசையில் ஏழாவது, பதினோராவது மேற்சுரங்களைத் தொடாமல் தாண்டிவிடுவார்கள். அவர்களுடைய ஐந்து சுர மெட்டில் அவை பொருந்தாது. சிகித் என்ற வகையில் அந்த மேற்சுரம் விசில்போலக் கூர்மையாக வரும். கர்கிரா அதற்கு நேர் எதிர். குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்களும் சேர்ந்து அதிர, பாடுகிற சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரல் திறந்துகொள்ளும். குவேசின் பாடுவது இந்தக் கர்கிராவைத்தான். அதிலும் தனக்கென்று ஓர் ஆழத்தைக் கண்டுபிடித்து அதற்குக் கன்சாத் என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். இவரைப் போன்றவர்களை ‘கலப்பு’ என்று ஓரமாக வைத்துவிட்டு, பட்டு உடுப்புப் போட்டு மேடையில் வரிசையாக உட்காருகிறவர்களை மட்டும் மரபு என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. இந்தப் பிரிவு துவாவில் செல்லுபடியாகாது. குவேசின் 1991இல் மாஸ்கோவில் இவான் சகலோவ்ஸ்கி என்ற மின்னணு இசைக்காரரோடு சேர்ந்து யாத்-காவைத் தொடங்கினார். குழுவின் பெயரே மடியில் கிடத்தி மீட்டும் ஒரு நீண்ட தந்தி வாத்தியத்தின் பெயர். அதற்கடுத்த வருடம், இன்று துவாவின் மரபிசை என்றாலே நினைவுக்கு வரும் ஹூன்-ஹூர்-து குழு உருவானபோது, அதன் நான்கு தொடக்க உறுப்பினர்களில் குவேசினும் ஒருவர். பிறகு அதிலிருந்து விலகித் தன் கிட்டாரோடு போனார். யாத்-காவில் வாசித்த ராதிக் துலுஷ் பின்னாளில் ஹூன்-ஹூர்-துவில் சேர்ந்தார். இரண்டு குழுவுக்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை. ஒரே தெருவில் இரண்டு வீடு, அவ்வளவுதான்.

1995இல் வந்த யாத்-காவின் ‘யெனிசெய் பங்க்’ ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். எசெங்கிலேர் என்று ஒரு பாட்டு முறை துவாக்காரர்களிடம் உண்டு. குதிரைச் சவாரியில் கால் வைக்கும் அங்கவடி என்ற சொல்லிலிருந்து வந்த பெயர், குதிரை ஓட்டத்தின் தாளம். அந்தத் தாளத்தோடு வளர்ந்த காதுக்கு ராக் டிரம்ஸ் எப்படி அந்நியமாகும்? இகில் என்ற அவர்களுடைய வில் வாத்தியத்தின் கம்பிகளே குதிரை வால் மயிர்தான். வில் போட்டால் கரகரவென்று ஓர் உறுமல் எழும். கிட்டாரில் டிஸ்டார்ஷன் போட்டு மேற்கத்தியர் தேடிய அந்தக் கரகரப்பு, இவர்களுடைய தொண்டையிலும் தந்தியிலும் ஏற்கெனவே இருந்தது. 2005இல் லெட் செப்பலின், ஜாய் டிவிஷன், பாப் மார்லி ஆகியோரின் பாடல்களைத் தங்கள் முறையில் பாடி ஓர் ஆல்பம் போட்டார்கள். அதில் எல்லாமே எனக்குப் பிடித்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜாய் டிவிஷனின் அந்தக் காதல் முறிவுப் பாட்டை இவர் குரலில் கேட்டபோது, மூலத்தில் இல்லாத ஒரு வயோதிகமும் பொறுமையும் அதில் ஏறியிருந்தது.

துவாவுக்குள்ளும் இந்தக் கூடல் இயல்பாகவே நடக்கிறது. சதான் ஊருக்குப் பக்கத்தில் உஸ்து-கூரே என்ற பௌத்த ஆலயம் 1930களில் அழிக்கப்பட்டது. அதன் இடிபாடுகளுக்கு அருகே 1999இலிருந்து ஒரு கோடை இசை விழா நடந்துவந்தது. 2012இல் ஆலயமே திரும்ப எழுந்தது. அந்த விழாவில் கூமெய்யும் ராக்கும் அடுத்தடுத்துப் பாடப்படும். கேட்பவர்கள் யாரும் பாதியில் எழுந்துபோனதாகத் தெரியவில்லை. பெண்கள் கூமெய் பாடக்கூடாது என்ற பழைய தடையை மீறி 1998இல் தொடங்கிய துவா கிசி என்ற பெண்கள் குழுவும் இதே மண்தான்.

உங்கள் உடன்படிக்கையின் இரண்டாவது பிரிவைப் படித்தேன். தலைமுறை தலைமுறையாக வரும் மரபைச் சமூகங்கள் தங்கள் சூழலுக்கும் வரலாற்றுக்கும் ஏற்ப இடைவிடாமல் புதிதாகப் படைத்துக்கொண்டே இருக்கின்றன என்ற பொருளில் அது பேசுகிறது. யாத்-கா செய்வது அப்படியே இதுதான். நீங்களும் இதை ஏற்றுக்கொண்டவர்களே. கூமெய்யையும் ஹெவி மெட்டலையும் சேர்த்துப் பாடும் மங்கோலியாவின் ‘தி ஹூ’ குழுவை 2022இல் யுனெஸ்கோ ‘அமைதிக்கான கலைஞர்’ என்று கௌரவித்தது. மனதாரச் சந்தோஷப்பட்டேன். ‘தி ஹூ’ தொடங்கியது 2016இல். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இந்தப் பாதையை வெட்டிய துவாக்காரருக்கு உங்கள் வீட்டில் ஒரு நாற்காலி இல்லை.

பட்டியலுக்கு அரசின் கையெழுத்து வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் உங்கள் ஒருவரிடம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ரஷ்யாவை உடன்படிக்கைக்குள் வரச்சொல்லி நீங்கள் தொடர்ந்து கேட்க வேண்டும், அது நீண்ட வேலை. ஆனால் கூமெய் பற்றி நீங்கள் வெளியிடும் பக்கங்களிலும் பாடக் குறிப்புகளிலும் துவாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல யாருடைய கையெழுத்தும் வேண்டாம். கூமெய் பற்றி அடுத்த முறை ஒரு கூட்டமோ கச்சேரியோ நடத்தும்போது துவாவின் தலைநகரான கிசிலுக்கும் ஓர் அழைப்பு அனுப்புங்கள். காஹெம், பிய்ஹெம் என்ற இரண்டு ஆறுகள் கூடி யெனிசெய் ஆகும் இடத்தில் இருக்கிறது அந்த ஊர். ரயில் இன்னும் போகவில்லை, ஆனாலும் கடிதம் போகும். மரபுக் குழுக்களோடு யாத்-காவையும் கூப்பிடுங்கள். கிட்டாரை எடுத்துக்கொண்டு வரச்சொல்லுங்கள்.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு ரசிகர்