தேடிக் கண்டுபிடித்தான்

அன்புத் தோழிக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். கைத்தடி ஊன்றி வாசல்வரை நடக்கிறார். பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் இவரை எழுப்பிச் சொன்னேன், அவ்வளவு சந்தோஷம்.

நீ எழுதியிருந்த ஒரு வரிதான் மனதை விட்டுப் போகவில்லை. "சபையில் எனக்கு ஒரு பொறுப்பும் தரவில்லை, இனி நான் யாருக்கு உபயோகம்?" என்று கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்தில் நான் கண்டதை உனக்குச் சொல்கிறேன்.

அந்த வாரம் நிறையப் பேர் வந்து ஜெபித்தார்கள். கிளம்பும்போது, "எந்த உதவி வேணும்னாலும் கூச்சப்படாம கேளுங்க" என்றார்கள். மனதாரத்தான் சொன்னார்கள். நானும் எத்தனையோ வீட்டு வாசலில் அதையே சொல்லியிருக்கிறேன். ஆனால் நாலு நாள் தூங்காதவளுக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பதே ஒரு வேலை. யாரைக் கேட்பது என்பது இன்னொரு வேலை. வாய்விட்டுக் கேட்பது எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை. நான் ஒருவரையும் கேட்கவில்லை.

ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு சகோதரியும் வந்தாள். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதே இல்லை. மேஜைமேல் மாத்திரை அட்டைகள் குவிந்து கிடந்ததைப் பார்த்தாள். டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கி, பெரிய தாளில் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு, கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டினாள். பிறகு, "நாளைக்கு ரெண்டு மணியிலிருந்து நாலு மணிவரை நான் அண்ணன் பக்கத்துல உட்காருறேன். நீங்க தூங்குங்கக்கா, சரியா?" என்றாள். நான் தலையாட்டினால் போதும் என்று இருந்தது. மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், அப்புறம் அசந்து தூங்கிவிட்டேன்.

அன்று ராத்திரி வேதாகமத்தில், பவுல் சிறையிலிருந்து எழுதிய 2 தீமோத்தேயு நிருபத்தின் முதல் அதிகாரத்தை எடுத்தேன். ஒநேசிப்போருவைப் பற்றிப் பவுல் எழுதுகிறாரே, ரோமாவுக்கு வந்து தன்னைத் "தேடிக் கண்டுபிடித்தான்" என்று. அத்தனை பெரிய பட்டணத்தில் விலங்கு பூட்டிய ஒரு கைதி எங்கே இருக்கிறான் என்று விசாரித்துத் திரிந்திருக்கிறான். பவுல் ஆள் அனுப்பிக் கூப்பிட்டதாக அங்கே ஒரு வார்த்தை இல்லை. அவன் சபையில் என்ன பொறுப்பில் இருந்தான் என்றும் இல்லை. இளைப்பாற்றினான், வெட்கப்படவில்லை, தேடி வந்தான். பவுலுக்கு நினைவில் நின்றது அதுதான்.

யோவான் சுவிசேஷத்தில், பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனும் ஆண்டவர் இயேசுவைக் கூப்பிடவில்லை. அவராகவே அவனிடம் போனார். ஐந்து மண்டபம் நிறைய ஆட்கள் கிடந்த இடத்தில் அவன் சொன்ன பதில், தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்கினால் சொஸ்தமாகும் என்று நம்பிய அந்தக் குளத்தில் தன்னை இறக்கிவிட ஒருவருமில்லை என்பது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனால் அங்கேகூட அவர் முதலில், "சொஸ்தமாக வேண்டுமென்று விரும்புகிறாயா?" என்று கேட்டார். இதை நான் பட்டுத்தான் கற்றேன். போன வருஷம் கணவரை இழந்த ஒரு தாயார் வீட்டில், நல்லது செய்வதாக நினைத்து, கொடியில் கிடந்த அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அவை அங்கேயே கிடக்கட்டும் என்றுதான் அந்த அம்மா விட்டிருந்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை, பெட்டியைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டார்கள். அந்தக் கை நடுங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இவருக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். எதிர்வீட்டில் ஒரு வாரமாய் ராத்திரியெல்லாம் விளக்கு எரிகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாயே, அங்கே யாருக்கு என்ன? போய்க் கதவைத் தட்டிப் பார்த்தாயா? அடுத்த கடிதத்தில் முதலில் அதை எழுது.

அன்புடன்,
உன் தோழி