இடிமழைச் சேதமும் ஞாயிறு துப்புரவுப் பணியும்

குடியிருப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நேற்று மாலை இடியும் காற்றுமாக இறங்கிய மழை, முக்கால் மணி நேரத்திற்குள் பழைய லயத்து வீடுகள் (தோட்டத்து வரிசை வீடுகள்) சிலவற்றின் தகரக் கூரைகளைப் பெயர்த்து, கோயில் வாசலில் நமக்கெல்லாம் நிழல் தந்த தூங்குமூஞ்சி மரத்தையும் சாலைக்குக் குறுக்கே சாய்த்துவிட்டது. யாருக்கும் காயமில்லை என்பதே பெரிய ஆறுதல். பருவக்காற்று மாறும் காலம் முடியும்வரை மாலை இடிமழை தொடரக்கூடும் என்பதால், பின்வருவனவற்றைத் தாமதிக்காமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. ஞாயிறு காலை 8 மணிக்குக் கோயில் முன் கோத்தோங் ரோயோங் (அனைவரும் கூடிச் செய்யும் துப்புரவுப் பணி) நடைபெறும். வீட்டுக்கு ஒருவர் பாராங்கத்தி, மண்வெட்டி, கையுறையுடன் வரவும்.

2. அறுந்து கிடக்கும் மின்கம்பியில் மின்சாரம் இல்லை என்று நம்பி யாரும் அருகில் செல்ல வேண்டாம். குழந்தைகளையும் விலக்கி வைத்து, உடனே மின்வாரியத்தின் (TNB) 15454 எண்ணுக்குத் தெரிவியுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999.

3. நனைந்த மின்சாதனங்களை மின்பணியாளர் பார்க்கும்வரை இயக்காதீர்கள்.

4. வாளி, டயர், உடைந்த தகரத்தில் தேங்கிய நீரை இன்றே கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசு பெருக ஏறத்தாழ ஒரு வாரமே போதும்.

5. கூரை இழந்த குடும்பங்களுக்குத் தார்ப்பாய் உடனடியாகத் தேவை. தனியே இருக்கும் முதியவர்கள் தாமாகக் கேட்க மாட்டார்கள். அண்டை வீட்டார் சென்று விசாரிக்கவும்.

வருவோரின் எண்ணிக்கையையும் வீட்டுச் சேதத்தையும் வீட்டு எண்ணுடன் வெள்ளி இரவு 9 மணிக்குள் இக்குழுவில் பதிவிடவும்.

நன்றி.
செயலவை