மெக்லாரன் எஃப்1 காரை உருவாக்கியவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியோரே,

வணக்கம். 1998 மார்ச் 31 அன்று, ஜெர்மனியின் ஏரா-லெசியன் சோதனைத் தடத்தில், பந்தய ஓட்டுநர் ஆண்டி வாலஸ் ஓட்டிய, உங்கள் எஃப்1 சாலைக் காரின் எக்ஸ்பி5 என்னும் முன்மாதிரி இரு திசை ஓட்டங்களின் சராசரியாக மணிக்கு 386.4 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலலாம் என்ற வரம்பை உயர்த்தி வைத்துக்கொண்டு ஓட்டியதாயிற்றே என்று சிலர் இன்றும் குறை சொல்வதுண்டு, சொல்லட்டும். விற்பனைக்கு வந்த கார்களில் உலகின் அதிவேகக் கார் என்ற அந்தச் சாதனை 2005 வரை நிலைத்தது. வேகச் சாதனையை இலக்காகக் கொள்ளாமல், ஓட்டுபவரின் இன்பத்தையே முன்னிறுத்தி நீங்கள் வடிவமைத்த காருக்கு அது தானாக வந்து சேர்ந்ததே, அதற்காகத்தான் இம்மடல்.

தலைமை வடிவமைப்பாளர் கார்டன் முர்ரே அவர்களே, ஓட்டுநர் இருக்கையை நட்டநடுவில் வைத்தீர்கள். பவர் ஸ்டீயரிங், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ எதுவும் வேண்டாம் என்று உறுதியாக நின்று, காரின் எடையைச் சுமார் 1,140 கிலோவுக்குள் அடக்கினீர்கள். வேண்டாம் என்று சொல்லும் துணிவுக்கு முதல் நன்றி.

எஞ்சினை உருவாக்கித் தந்த பிஎம்டபிள்யூவின் மறைந்த பால் ரோஷே அவர்களுக்கும் அவருடைய குழுவினருக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. கேட்டது 550 குதிரைத்திறன். அவர்கள் தந்ததோ 627. ஆறு லிட்டருக்குச் சற்றே மேற்பட்ட கொள்ளளவும் 12 சிலிண்டர்களும் கொண்ட அந்த எஞ்சின், கேட்ட எடையைவிட 16 கிலோ கூடுதலாக இருந்தது. கிராம் கணக்குப் பார்க்கும் முர்ரேயே அதை ஏற்றுக்கொண்டார் என்றால் அதன் தரத்துக்கு வேறு சான்று வேண்டுமா? அதன் வெப்பம் கார்பன் இழை உடலைத் தாக்காதிருக்க எஞ்சின் அறையின் உட்புறம் முழுவதும் தங்கத் தகடு ஒட்டினார்களே, நகைக்கடைக்குப் போக வேண்டிய பொருளுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

உடல் வடிவம் தந்த பீட்டர் ஸ்டீவன்ஸ் அவர்களுக்கும், பணத்துக்கும் முடிவுகளுக்கும் பொறுப்பேற்ற ரான் டென்னிஸ், மன்சூர் ஓஜே ஆகியோருக்கும் நன்றி.

எஃப்1 பிறக்கும் முன்பே அதன் கியர்பெட்டியையும் நடு இருக்கையையும் எஞ்சினையும் சுமந்து சோதனைக்கு ஓடிய ஆல்பர்ட், எட்வர்ட் என்னும் இரண்டு அல்டிமா நிறுவனக் கார்களைக் கட்டி, ஓட்டி, பழுது பார்த்தவர்களை எவரும் அதிகம் நினைப்பதில்லை. வேலை முடிந்ததும் அவ்விரண்டையும் அழித்துவிட்டார்கள் என்று படித்தபோது மனம் வருந்தியது. பெயர் தெரியாத அந்தக் கைகளுக்கு என் தனிப்பட்ட நன்றி.

அன்புடன்,
ஒரு மோட்டார் வாகன ஆர்வலர்